விடுபட்டவர்

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில்
எக்ஸ்ரே அறைக்குப் பின்னால்
எங்களுக்கு ஒதுக்கியது ஒரு பழைய ஸ்டோர் ரூம்.
ஜன்னலுக்கு வெளியே கிழிந்த மெத்தைகள் குவிந்து கிடக்கும்.
மழை பெய்தால் அறை முழுக்க ஈரப்பஞ்சு நாறும்.
அங்கே உட்கார்ந்து பதினாறு வருஷம்
ஒரே கேள்வியைக் கேட்டேன்:
கடந்த முப்பது நாளில் எத்தனை நாள்?

குடித்தது எத்தனை நாள்.
ஊசி போட்டது எத்தனை நாள்.
உறை இல்லாமல் படுத்தது எத்தனை தடவை, யாரோடு.
(கடைசிக் கேள்விக்கு முன் எழுந்து போய்
மின்விசிறியை ஒரு புள்ளி கூட்டி வைப்பேன்.
சத்தத்துக்குள் பேச்சு சுலபமாக வரும்.
இதை எந்தக் கட்டுரையிலும் எழுதியதில்லை.)

க்ரேவிங் என்பதற்குத் தமிழ் தேடி
அகராதியிலிருந்து வேட்கை என்று எடுத்துப்போனேன்.
நாங்குநேரி லாரி ஷெட்டில் சிரித்தார்கள்.
117தான் சொன்னார்:
"நமநமப்பும்மா.
பனம்பழம் தின்னா பல்லிடுக்குல நாரு ஒண்ணு மாட்டிக்கிடும்லா,
நாக்கு அங்கனயே போய்க்கிட்டு இருக்கும். அதான்."

எழுதிக்கொண்டேன்.
திரும்ப ஆங்கிலமாக்கியவர் அதைச் சொறி என்று அனுப்பிவைக்க
டெல்லியிலிருந்து விளக்கம் கேட்டார்கள்.
பனம்பழத்தைக் கூரியரிலா அனுப்ப முடியும்?
கடைசியில் அந்தச் சொல்லோடுதான் அளவுகோல் தேறியது.
அந்த அளவுகோலோடுதான் நான் புரொபசர் ஆனேன்.

117க்குப் பெயர் உண்டு.
படிவத்தில் எழுதக் கூடாது.
இங்கேயும்.

மூன்றாம் மாதம் வந்தார்.
ஆறாம் மாதம் வரவில்லை.
பேராச்சி தேடிப்போனாள்.
வள்ளியூரிலிருந்து காவல்கிணறு வரை
எந்த லாரி எந்த டீக்கடையில் ஒதுங்கும் என்று அவளுக்குத் தெரியும்.
பத்து வருஷம் அந்த ரோட்டில் ராத்திரியில் நின்றவள்,
இப்போது பகலில் அதே ரோட்டில்
பை நிறைய உறை கொண்டுபோகிறவள்.
வீடு பூட்டிக் கிடக்கு, என்று வந்தாள்.

எங்கள் அட்டவணையில் ஒரு பத்தி உண்டு: விடுபட்டவர்.
வராதவர் மறுபடி குடித்தார் என்றே கொள்க.
துறையின் வழக்கம் அது, ஜாக்கிரதையான வழக்கம்,
எங்கள் சிகிச்சையை நாங்களே
பெரிதாகக் காட்டிக்கொள்ளாமல் இருக்க.
சைபர் போட்டேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு பேரில்
நாற்பத்தொரு சைபர்.

போன ஆவணியில்
பேட்டை தாண்டி முக்கூடல் போகிற ரோட்டில்
ஸ்கூட்டர் பஞ்சர்.
கடைக்காரர் டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கி
குமிழ் கிளம்பும் இடம் பார்த்துக்கொண்டே
தலை தூக்காமல் கேட்டார்:
"அந்த ஃபேனு இன்னும் ஓடுதா?"

பதினோரு வருஷமாம். ஒரு சொட்டுத் தொடவில்லையாம்.
மாத்திரை ஆசாரிபள்ளத்தில் வாங்குகிறார்,
மாதம் ஒரு நாள், இரண்டு பஸ் மாறி.
ஏன் அவ்வளவு தூரம் என்றேன்.
"ஹைகிரவுண்டுல எங்க மதினி பெருக்குதா.
உங்க ரூமு வாசல்ல."

அந்தக் கதவுக்கு போர்டு மாட்டச் சொன்னது நான்தான்.
பச்சை எழுத்து.
எய்ட்ஸ் என்ற சொல் மட்டும் கொஞ்சம் பெரிதாக,
தூரத்திலிருந்தே தெரியும்படி.

ஒட்டுப் போட்ட இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு
"என்னைய என்னன்னு எழுதினிய?" என்றார்.
விடுபட்டவர்னு, என்றேன்.
"சரியாத்தானே எழுதியிருக்கிய."
சைபரைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.
அறுபது ரூபாய் வாங்கிக்கொண்டார்.

கொஞ்ச தூரம் போய், ஒரு வாகை மரத்தடியில் நிறுத்தி
பேராச்சிக்குப் போன் போட்டேன்.
பழைய லிஸ்ட் வச்சிருக்கியா?
"எந்த லிஸ்ட்டு, யக்கா?"
வராதவங்க லிஸ்ட்டு.
அவள் பக்கம் ஒரு லாரி
ஹாரன் அடித்துக்கொண்டே போய் முடிந்தது.
"அதுல ஏழு பேரு செத்துட்டாவ, யக்கா.
நான் அப்பமே வந்து சொன்னேன்லா.
நீங்க மீட்டிங்ல இருந்திய."